பழைய புல்லட்டின் ஹேண்டில்பார் ஒயரிங்: கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும்

இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். எங்கள் வீட்டு 1978 புல்லட்டுக்கு ஒரு சமயம் இப்படி ஒரு வியாதி வந்தது. தெருமுனையில் வண்டியை வளைத்தால் போதும், முன்னால் நடந்து போகிற பெரியவர் திரும்பி முறைப்பார். ஹேண்டிலை நேராக்கினால் சத்தம் நின்றுவிடும். பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பட்டனை மாற்றினேன். சத்தம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேண்டில்பாரில் இருந்த ஒயர் எல்லாவற்றையும் உருவிப்போட்டுப் புதிதாகப் பூட்டினேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு குறிப்பும் எடுத்து வைக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஹாரன் பழையபடியே அடிக்கிறது, கூடுதலாக ஹெட்லைட்டும் போய்விட்டது.

கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்ற பட்டறையில் ஒரு அண்ணன் ஒயரைத் தொடவே இல்லை. ஹேண்டிலை இரண்டு முறை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, திருப்பினாத்தானே அடிக்குது? அப்போ திருப்பும்போது எது அசையுதோ அதப் பாரு. அசையாததை ஏன் கழட்டுற?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த வேலையை இப்போதும் செய்கிறேன். குரோம் பூச ஹேண்டில்பாரைக் கழற்றினாலும் சரி, மக்கிப்போன ஒயரை மாற்றினாலும் சரி, முறை ஒன்றுதான்.

எது அசைகிறது, எது அசையவில்லை

புல்லட்டில் ஹெட்லைட், ஸ்பீடாமீட்டர், அம்மீட்டர் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அலுமினிய வார்ப்பை நம் ஊர் பட்டறைகளில் டூம் என்போம். புத்தகத்தில் கேஸ்கெட் என்று இருக்கும். எஞ்சினுக்கு வைக்கும் கேஸ்கட் பேப்பரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் தலையில் பிடித்திருப்பது இந்த டூம்தான். ஹேண்டில்பார் இதன்மேல் கிளாம்ப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஹேண்டிலைத் திருப்பினால் டூமும் சேர்ந்து திரும்பும். ஸ்விட்சிலிருந்து டூமுக்குள் போகிற ஒயர் வளைவதே இல்லை. வளைவது வேறு இடம்: டூமின் பின்பக்கத்திலிருந்து வெளியே வந்து, ஸ்டியரிங் தலையைச் சுற்றி, டேங்க் அடியில் போகிற பெரிய ஒயர்க்கட்டு. நாற்பது வருடமாக ஒவ்வொரு தெருமுனையிலும் வளைந்து நிமிர்ந்த ஒயர் அது.

என் வண்டியில் ஹாரன் பட்டனின் ஒயர் அந்த இடத்தில் தோல் உரிந்து, சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. புல்லட்டில் ஹாரனுக்கு மின்சாரம் எப்போதும் தயாராக வந்து நிற்கும். பட்டன் செய்வது அதன் மறுமுனையை எர்த்தோடு, அதாவது வண்டியின் சட்டத்தோடு, சேர்ப்பது மட்டும்தான். ஒயர் சட்டத்தில் பட்டாலே பட்டனை அழுத்தியதற்குச் சமம். இது புரிந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

எர்த்தும் அப்படித்தான், அசையும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய ஹாரன் பட்டனுக்கு ஒரே ஒரு ஒயர்தான். மற்ற முனை ஹேண்டில்பாரின் இரும்பு வழியாக டூமுக்கும், டூமிலிருந்து ஸ்டியரிங் பால்ரஸ், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் இரும்புக் குண்டுகள், வழியாகச் சட்டத்துக்கும் போகிறது. அந்தக் குண்டுகளைச் சுற்றி இருப்பது கிரீஸ். கிரீஸ் வழியாக மின்சாரம் ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. ஹேண்டில்பாருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பூட்டியதும் ஹாரன் செத்துப்போனது என்று யாராவது சொன்னால், கிளாம்ப் அடியில் இருக்கும் பெயிண்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கழற்றும் முன்

வேலை செய்வது எது, செய்யாதது எது என்று சாவியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஹை பீம், டிப், ஹாரன், பின் விளக்கு, டூமின் இரு பக்கமும் இருக்கும் சின்ன விளக்குகளான டைகர் லேம்ப் இரண்டும், இண்டிகேட்டர் இருந்தால் அதுவும். ஒவ்வொன்றையும் ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒரு முறை, இடக்கோடியில் ஒரு முறை, வலக்கோடியில் ஒரு முறை பாருங்கள். கோடியில் மட்டும் கோளாறு செய்தால் ஸ்விட்சைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

அடுத்து பேட்டரி. எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். எது எர்த் என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த ஒயர் நேராகச் சட்டத்தில் போய் முடிகிறதோ அதுதான் எர்த். பழைய இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருப்பது சகஜம். புல்லட்டும் அந்த வம்சம்தான், இங்கிலாந்தின் ரெடிட்ச்சில் பிறந்து 1955-இல் மெட்ராசுக்கு வந்து திருவொற்றியூரில் வளர்ந்த வண்டி. சாவியை அணைத்துவிட்டால் போதும் என்று இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் உண்டு. அம்மீட்டருக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் வருகிறது. சாவி இல்லாவிட்டாலும் அங்கே உயிர் இருக்கும். டூமுக்குள் ஸ்பேனர் நழுவி அந்த முனைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே விழுந்தால், நீலமாக ஒரு பொறி, அப்புறம் புகை. பல பழைய வண்டிகளில் நடுவில் ஃபியூஸ்கூடக் கிடையாது.

டேங்க் மேல் பழைய போர்வை ஒன்றை மடித்துப் போடுங்கள். ஹேண்டில்பாரைக் கழற்றிச் சாய்த்தால் அது போய் விழுகிற இடம் டேங்க்தான். ஸ்பேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: எழுபதுகளின் புல்லட்டில் பல இடங்களில் மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராது, விட்வொர்த் அளவு தேவைப்படும். ஸ்பேனர் லேசாக ஆடினாலும் நிறுத்திவிடுங்கள். மூலை மழுங்கிய நட்டைக் கழற்றுவது தனி வேலை.

மற்றபடி மல்டிமீட்டர், மாஸ்கிங் டேப், பேனா, நல்ல நூல் கொஞ்சம், சின்ன டப்பா இரண்டு. இவ்வளவுதான்.

டூமைத் திறப்பது

ஹெட்லைட் ரிம்மைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் ரிம் கண்ணாடியோடு சேர்ந்து வரும். ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். ஒயர் பலத்தில் தொங்கவிட்டால் பல்பு ஹோல்டரில் பிடுங்கிக்கொள்ளும். ஹோல்டரைக் கழற்றிக் கண்ணாடியைப் பத்திரமான இடத்தில் வையுங்கள். ரிஃப்ளெக்டரின் உள்பக்கத்தைத் துணி போட்டுத் துடைக்கும் ஆசை வரும், வேண்டாம். பாலிஷ் போய்விடும்.

இப்போது உள்ளே பார்த்தால் பல்லிக்குஞ்சுகள் படுத்த மாதிரி ஒயர்கள் கிடக்கும். கையை விடும் முன் போட்டோ எடுங்கள். நேராக ஒன்று, இரு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொன்று. பிறகு ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்கும் முன் அதன் இரண்டு பக்கங்களிலும் மாஸ்கிங் டேப் துண்டை மடித்து ஒட்டி, ஒரே எண்ணை இரண்டிலும் எழுதுங்கள். எண்ணுக்கு எதிரே என்ன ஒயர் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பார்த்தே பூட்டிவிடலாமே என்று தோன்றும். லூகாஸ் முறைப்படி நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிப், கத்தரிப்பூ நிறத்தில் கறுப்புக் கோடு ஹாரன் பட்டன். இண்டிகேட்டரில் பச்சை-சிவப்பு இடது, பச்சை-வெள்ளை வலது. தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் நாற்பது வருட வண்டியில் நிறம் சாட்சி சொல்லாது. கிரீஸும் வெயிலும் சேர்ந்து எல்லா ஒயரையும் ஒரே அழுக்குப் பழுப்பாக்கி வைத்திருக்கும். நடுவில் எத்தனை பேர் கையில் கிடைத்த ஒயரைப் போட்டு ஒட்டினார்களோ. என் வண்டியில் டிப் ஒயர் டூம் வரை நீலமாக வந்து, டூமுக்குள் மஞ்சளாக மாறி, ஹோல்டரில் சிவப்பாக முடிந்தது. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து முனைக்கு முனை பாருங்கள்.

ஹேண்டில்பாரைக் கழற்றுவது

ஸ்விட்ச் கிளாம்ப் ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். ஸ்விட்சை இரண்டாகப் பிரிப்பதாக இருந்தால் ஒரு வெள்ளைத் துண்டின்மேல் வைத்துப் பிரியுங்கள். டிப் ஸ்விட்ச் லீவருக்கு அடியில் சின்ன ஸ்பிரிங் ஒன்று அழுத்தத்தில் இருக்கும். சில மாடல்களில் அதன் நுனியில் மிளகு அளவில் ஒரு குண்டு. துள்ளிப் போனால் தரையில் தேடுவதைவிடக் கடைக்குப் போவது சுலபம்.

கிளச் கேபிள், முன் பிரேக் கேபிள், டீகம்ப்ரசர் கேபிள் மூன்றையும் அட்ஜஸ்டரில் தளர்த்திவிட்டு லீவரிலிருந்து எடுங்கள். ஆக்ஸிலேட்டர் பக்கம் கிரிப்பின் கிளாம்பைத் தளர்த்தினால் அப்படியே உருவி வந்துவிடும். இடது கிரிப்தான் அடம் பிடிக்கும். சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் எடுத்து, ரப்பருக்கும் பாருக்கும் நடுவே ஊசியை நுழைத்து நாலு இடத்தில் விட்டு, முறுக்கிக்கொண்டே இழுங்கள். எண்ணெய் விடாதீர்கள். வெளியே வருவது சுலபம்தான், பூட்டிய பிறகும் வழுக்கும்.

இனி ஒயரை உருவ வேண்டும். இந்த இடத்தில்தான் அந்த நூல். டூமுக்குள் இருக்கும் ஒயர் முனைகளைச் சேர்த்து நூலால் கட்டுங்கள். முடிச்சு பெரிதாக இல்லாமல் டேப்பால் நீளவாக்கில் சுற்றி, எலிவால் போல மெலிதாக்குங்கள். பிறகு வெளியே இருந்து இழுத்தால் ஒயர் வெளியே வரும்போது நூல் அதே வழியில் உள்ளே ஓடி, டூமுக்கும் வெளிக்கும் நடுவே நிற்கும். நூலின் இரண்டு முனைகளையும் எதிலாவது கட்டிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது புது ஒயரை இந்த நூலில் கட்டி உள்ளே இழுத்தால் அரை நிமிடம். நூல் இல்லாவிட்டால் டூமின் துளையில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையமான கிரோமெட்டுக்குள் ஐந்து ஒயரை ஒவ்வொன்றாகத் திணித்து விரல் நகம் பெயரும். பாருக்குள்ளேயே ஒயர் ஓடும் பழைய ஜப்பானிய வண்டிகளுக்கு இந்த நூல் இல்லாமல் வேலையே நடக்காது.

கடைசியாக டூம்மேல் இருக்கும் கிளாம்ப் மூடிகள். எந்த மூடி எந்தப் பக்கம், எது முன்பக்கம் என்று குறித்துவிட்டு நட்டுகளைக் கழற்றுங்கள். பாரின் கோணத்தையும் குறித்துக்கொள்ளலாம். கிளாம்ப் ஓரத்தில் பாரின் மேல் ஒரு டேப் கோடு போதும்.

ஒயர் நல்லதா, மக்கியதா

கழற்றிய ஒயரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மேல்தோல் வளைந்து கொடுத்தால் சரி, நொறுக்கென்று விரிசல் விட்டால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. முனையில் ஒரு அங்குலம் தோலை உரித்து உள்ளே செம்பைப் பாருங்கள். பளபளப்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தாலோ பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலோ இன்னும் ஒரு அங்குலம் உரியுங்கள். அங்கேயும் களிம்பு என்றால் அந்த ஒயருக்கு ஆயுள் முடிந்தது. மழைத்தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளுக்கு நடுவே உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

6 வோல்ட் வண்டிக்கு இது ஏன் உயிர்நாடி என்று ஒரு கணக்கு. 36 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். களிம்பு ஏறிய ஒரு இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 12 வோல்ட் வண்டி அங்கே 0.3 வோல்ட் இழக்கும், அதாவது இரண்டரை சதவீதம். கண்ணுக்கே தெரியாது. 6 வோல்ட் வண்டி 0.6 வோல்ட் இழக்கும். பத்து சதவீதம். பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். பழைய புல்லட் லைட் அகல்விளக்கு மாதிரி என்று கிண்டல் செய்வார்களே, அதில் பாதிப் பழி இணைப்புகளைத்தான் சேரும்.

எனவே 6 வோல்ட் வண்டியில் ஹெட்லைட் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். 12 வோல்ட்டுக்கு 1 போதும். ஹாரன் பட்டனுக்கும் இண்டிகேட்டருக்கும் 0.75 தாராளம். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயரைப் போடவே கூடாது. எஞ்சின் அதிர்வில் சில மாதங்களிலேயே முறியும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ ஒயர் வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பீட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். பழைய ஸ்விட்ச் தேடுகிறவர்கள் புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்தால் அசல் பித்தளை உள்பாகத்தோடு கிடைக்க வாய்ப்பு உண்டு. உடைந்ததாக இருந்தாலும் உள்பாகத்துக்காக வாங்கலாம்.

ஸ்விட்சின் பித்தளைத் தொடுமுனைகளை நைசான உப்புத்தாளின் நுனியால் பளபளப்பு வரும் வரை இரண்டு இழுப்பு, அதற்குமேல் தேய்க்க வேண்டாம். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்து, லீவர் திரும்பும் இடத்தில் மட்டும் கிரீஸ் ஒரு பொட்டு. தொடுமுனை மேல் கிரீஸை அப்பாதீர்கள்.

புது ஒயர் வெட்டும்போது பழையதை அளவுக்கு வைக்கலாம், ஆனால் ஒரு சாண் கூடுதலாக வெட்டுங்கள். மிஞ்சினால் டூமுக்குள் மடித்து வைக்க இடம் இருக்கிறது. குறைந்தால் ஒட்டுப் போட வேண்டும். ஸ்விட்சுக்குள் சால்டரிங் செய்யலாம், இடம் குறுகல். மற்ற இடங்களில் ஒயர் முனைக்கு லக் என்கிற உலோகக் காது போட்டு அழுத்துவதே என் கட்சி. ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும், அது முடிகிற விளிம்பில்தான் முறியும். அசையும் இடத்துக்கு அருகில் சால்டரிங் கூடவே கூடாது.

திரும்பப் பூட்டுவது

பாரை கிளாம்பில் வைத்து, குறித்த கோணத்துக்குத் திருப்பி, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். பாரில் புது பெயிண்ட் இருந்தால் கிளாம்புக்குள் மறையும் இடத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் சுரண்டி இரும்பைக் காட்டுங்கள். ஹாரன் ஸ்விட்ச் உட்காரும் இடத்திலும் அதேபோல.

அடுத்து நான் எந்தப் பழைய வண்டியிலும் செய்துவிடும் ஒரு மாற்றம். டூமுக்குள் இருக்கும் ஒரு ஸ்க்ரூவிலிருந்து தனி எர்த் ஒயர் ஒன்றை எடுத்து, பெரிய ஒயர்க்கட்டோடு சேர்த்துக் கொண்டுபோய்ச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் மாட்டுகிறேன். போல்ட்டின் அடியில் பெயிண்ட்டைச் சுரண்டி, லக்கை வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவினால் துரு பிடிக்காது. ஒரு மீட்டர் ஒயர் செலவு. கிரீஸ் தடவிய குண்டுகளை நம்பி ஹெட்லைட்டும் ஹாரனும் இருக்க வேண்டிய அவசியம் அதோடு போய்விடும்.

ஒயரை நூலில் கட்டி உள்ளே இழுங்கள். கிரோமெட் கிழிந்திருந்தால் புதியது போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வார்ப்பு அலுமினியத் துளையின் விளிம்பு பிளேடு மாதிரி. ஸ்விட்சின் இரண்டு பாதிகளையும் மூடும்போது ஒயர் நடுவில் நசுங்காமல் பாருங்கள். ஸ்க்ரூ கடைசி இரண்டு சுற்றில் திடீரென்று கனத்தால் ஒயர் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

பாரின்மேல் ஒயரைப் பிடிக்க ரப்பர் பட்டையோ கேபிள் டையோ போடலாம். டையின் வாலை ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கையைக் கீறும். ஒயரின் மேல் ஸ்லீவ் போடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் நம் ஊர் வெயிலில் பசை உருகிக் கறுப்பாக வழிந்து, வெள்ளைச் சட்டையில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

டூமுக்குப் பின்னால் பெரிய ஒயர்க்கட்டு வளையும் இடத்தில் மட்டும் எதையும் இறுக்கிக் கட்ட வேண்டாம். ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஒயர் விறைக்கவும் கூடாது, ஃபோர்க் முட்டும் இடத்தில் நசுங்கவும் கூடாது. சட்டத்தில் உரசும் இடத்தில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைப் பிளந்து சுற்றிவிடுங்கள். என் வண்டியின் ஹாரன் வியாதிக்கு அந்த அண்ணன் போட்ட மருந்து இதுதான்.

மின்சாரம் விடுவது

பேட்டரியை உடனே நேராக மாட்டாதீர்கள். வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, பேட்டரியின் எர்த் முனைக்கும் எர்த் ஒயருக்கும் நடுவே மாட்டுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் ஒயர் எரியாமல் பல்பு எரியும். சாவி அணைந்திருக்கும்போது பல்பு இருட்டாக இருக்க வேண்டும். சாவியைப் போட்டதும் எரிந்தால் பயப்படாதீர்கள். எஞ்சினுக்குப் பொறி தரும் தொடுமுனையான பாயின்ட் மூடியிருந்தால் இக்னிஷன் காயில் மின்சாரம் இழுக்கும், கிக்கரை மெதுவாக அமுக்கிப் பாயின்ட் திறந்தால் அணைந்துவிடும். ஹெட்லைட்டைப் போட்டால் இரண்டும் மங்கலாக எரியும், அது சரி. பல்பு பிரகாசமாக எரிந்து, ஹெட்லைட் எரியாமல் இருந்தால் அந்த வழியில் ஷார்ட். அந்த எண் ஒட்டிய இணைப்பைப் பிரித்துப் பாருங்கள்.

ஹாரன் அடிக்காவிட்டால் பல்பை எடுத்து பேட்டரியை நேராக மாட்டிய பிறகு, பட்டனுக்குப் போகும் ஒயரை டூமில் பிரித்து, ஹாரனிலிருந்து வரும் முனையைச் சட்டத்தில் தொடுங்கள். அடித்தால் கோளாறு பட்டனிலோ பாரின் எர்த்திலோ. அடிக்காவிட்டால் ஹாரனிலோ அதற்கு வரும் ஒயரிலோ.

எல்லாம் சரி என்றால் கண்ணாடியைப் பூட்டுங்கள். டைகர் லேம்ப் ஒயர்கள் ரிம்மில் நசுங்காமல் ஒதுக்கிவிடுங்கள். கேபிள்களை அட்ஜஸ்ட் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் ஹேண்டிலை இடம் வலம் திருப்புங்கள். திருப்பும்போது ஆக்ஸிலேட்டர் தானாக ஏறினால் கேபிள் தவறான வழியில் போகிறது அல்லது இழுபடுகிறது. அதைச் சரி செய்யாமல் ரோட்டுக்குப் போகாதீர்கள். இதே நேரத்தில் ஹாரன், லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் இரு கோடியிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு பாரின் கிளாம்ப் நட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். எண் போட்டு எழுதிய அந்தத் தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு டூல் பாக்ஸில் வைத்துவிடுங்கள். என்னுடையது இன்னும் அங்கேதான் இருக்கிறது, மூலையில் கிரீஸ் கட்டைவிரல் ரேகையோடு.